அரைகுறையாகத் தொடங்கு!

திரையில் ஒரு கறுப்புச் சன்னல். அதில் ஒரு டாலர் குறி, அதையொட்டி விட்டு விட்டு மின்னும் ஒரு சின்னக் கட்டம். லினக்ஸ் கணினியின் டெர்மினல் அது. வேறொன்றும் இல்லை.

அந்தச் சன்னலைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொள்ளும் இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். நாலு வருஷம் பொறியியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். பைக் என்ஜினை வாசலில் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி விழாவில் மைக் பிடித்து அரங்கத்தையே அதிர வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெரிய கோப்புகளை இறக்க உதவும் ஒரு டோரன்ட் மென்பொருளை நிறுவச் சொன்னால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. "எனக்கு லினக்ஸ் அவ்வளவாத் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து போட்டுக் கொடுத்தா நல்லா இருக்கும்."

எத்தனை வரி வேலை அது? இரண்டு வரி! இரண்டு வரிக் கட்டளைக்கு ஓர் ஆளைத் தேடி உட்கார்ந்திருக்கிறாய், தம்பி. அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்கிறார். ஞாயிறு போகிறது, மாதமும் போகிறது. அதற்குள் உன் மனசில் ஒரு பொய் குடியேறி, வீட்டுக்குப் பட்டாவும் வாங்கிவிடுகிறது: 'இதெல்லாம் நமக்கு வராது.'

அந்தப் பொய்யை இன்றைக்கே காலி செய்தாக வேண்டும். உன் மூளையில் எந்தக் குறையும் கிடையாது. "முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்கிற ஒரே எண்ணம்தான் உன் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. நான் சொல்கிறேன், அரைகுறையாகவே ஆரம்பி! நீ தொடத் தயங்கும் லினக்ஸும் சரி, டோரன்ட்டும் சரி, அரைகுறையாகத் தொடங்கப்பட்டவைதான். டோரன்ட் என்ற ஏற்பாடே அரைகுறையாக வைத்திருப்பவர்களை நம்பித்தான் நடக்கிறது!

பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று

1991 ஆகஸ்ட் 25. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. பொழுதுபோக்குக்காகச் செய்கிறேன், பெரிதாக எதுவும் வராது என்றுதான் அவரே எழுதினார். அடுத்த மாதம் முதல் பதிப்பை வெளியே விட்டார். அதன் எண்ணைப் பார்: 0.01. ஒன்று என்று சொல்லிக்கொள்ளும் நிலை இன்னும் வரவில்லை என்பதை எண்ணிலேயே எழுதி வைத்தார். சுமார் 10,000 வரி நிரல். அதைத் தொகுத்து ஓட வைக்கவே மினிக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தின் துணை தேவைப்பட்டது. சொந்தக் காலில் நிற்காத நிலையிலேயே அதை உலகத்தின் முன்னால் வைத்தார்!

1.0 என்ற எண் வருவதற்கு 1994 மார்ச் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் முகம் தெரியாத எத்தனையோ பேர் பிழை கண்டுபிடித்து அனுப்பினார்கள், திருத்தி அனுப்பினார்கள், புதிதாக எழுதியும் அனுப்பினார்கள். குறையோடு வெளியே வந்ததால்தான் அத்தனை கைகள் அதைத் தொட்டன. 'எல்லாம் சரியானதும் காட்டலாம்' என்று அவர் பூட்டி வைத்திருந்தால் லினக்ஸ் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. இன்றைக்கு நிலைமை என்ன? 2017 நவம்பர் முதல், உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் ஒன்று விடாமல் அத்தனையும் லினக்ஸில் ஓடுகின்றன. உன் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமும் லினக்ஸ் கெர்னல்தான்.

டோரன்ட்டுக்கு வருவோம். பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர், பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு பெரிய கோப்பை ஆயிரம் பேர் ஒரே சர்வரில் இருந்து இறக்கினால் சர்வர் திணறிப்போகும். பெரிய சர்வர் வாங்குவதுதான் வழக்கமான தீர்வு. அவர் வேறு கேள்வி கேட்டார்: இறக்கிக்கொண்டிருக்கும் அந்த ஆயிரம் பேரின் கணினிகளே ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டால் என்ன? 2001 ஜூலையில் பைத்தான் மொழியில் எழுதிய முதல் வடிவத்தை வெளியிட்டார். கூட்டம் கூடினால் வேகம் குறையும் என்ற கணக்கையே புரட்டிப் போட்டார். கூட்டம் கூடக் கூட, கொடுக்கும் கைகளும் கூடின.

அடுத்து, இன்றைக்கு நீ நிறுவப் போகும் க்யூபிட்டோரன்ட் என்ற டோரன்ட் மென்பொருள். 2006இல் பிரான்ஸில் பெல்ஃபோர் மோன்பெலியார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் டுமே என்பவர் தொடங்கி வைத்தது. அதற்குள் எஞ்சினாக ஓடும் லிப்டோரன்ட்டை எழுதியவர் ஆர்விட் நோர்பெர்க் என்ற இன்னொருவர். இப்போது பல நாட்டுத் தன்னார்வலர்கள் க்யூபிட்டோரன்ட்டை வளர்க்கிறார்கள். விளம்பரம் கிடையாது, விலை கிடையாது, மூல நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார். எல்லாம் தெரிந்த ஓர் ஆள் இதில் எங்கேயும் இல்லை.

கையை எடுத்து விசைப்பலகையில் வை

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட், எதை வைத்திருந்தாலும் சரி. கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்து. பெரும்பாலான கணினிகளில் டெர்மினல் திறந்துகொள்ளும். திறக்கவில்லையா, செயலிகள் பட்டியலில் டெர்மினல் என்று தேடு. இப்போது ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அடி: சூடோ ஆப்ட் அப்டேட். என்டர் தட்டு.

உடனே கடவுச்சொல் கேட்கும். இங்கேதான் பாதிப் பேர் எழுந்து ஓடுகிறார்கள். நீ விசைகளைத் தட்டுகிறாய், பல கணினிகளில் திரையில் எதுவும் நகராது. எழுத்து வரவில்லை, நட்சத்திரக் குறியும் வரவில்லை, மின்னும் கட்டம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. விசைப்பலகை கெட்டுவிட்டதா, கணினி உறைந்துவிட்டதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒன்றும் ஆகவில்லை! உன் கடவுச்சொல்லில் எத்தனை எழுத்து என்பதைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே பல லினக்ஸ் வகைகளில் இப்படி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நீ அடிப்பது ஒவ்வொன்றும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. நம்பிக்கையோடு முழுச் சொல்லையும் அடித்து என்டர் தட்டு. வரிவரியாக எழுத்துகள் மேலேறிப் போகும். எந்தெந்த மென்பொருளின் எந்தெந்தப் பதிப்பு கிடைக்கிறது என்ற புதுப் பட்டியலை உன் கணினி வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான்.

இரண்டாவது வரி: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் க்யூபிட்டோரன்ட். மென்பொருளின் பெயரை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். ஸ்பெல்லிங் சந்தேகமா? முதல் நாலைந்து எழுத்தை மட்டும் அடித்துவிட்டு டேப் விசையைத் தட்டிப் பார். பல கணினிகளில் மிச்சத்தை அதுவே நிரப்பிவிடும். என்டர் தட்டியதும் கணினி உன்னிடம் ஒரு கணக்கு ஒப்பிக்கும். இதற்குத் துணையாக இன்னின்ன மென்பொருள் பொதிகள் வேண்டும், இத்தனை மெகாபைட் இறங்கும், வட்டில் இவ்வளவு இடம் பிடிக்கும், தொடரலாமா? நன்றாகக் கவனி. அது உன்னிடம் அனுமதி கேட்கிறது. நீதான் இங்கே முதலாளி. ஒய் என்ற எழுத்தைத் தட்டு. ஒரு சில நிமிடங்களில் க்யூபிட்டோரன்ட் உன் செயலிகள் பட்டியலில் வந்து நிற்கும்.

ஃபெடோரா வைத்திருப்பவர்கள் இரண்டாவது வரியில் ஆப்ட் என்ற இடத்தில் டிஎன்எஃப் என்று அடித்தால் போதும். ஆர்ச் என்றால் ஆப்ட் இன்ஸ்டால் என்பதற்குப் பதில் பேக்மேன், அதோடு சிறு கோடும் பெரிய எஸ் எழுத்தும். கட்டளையே வேண்டாம் என்றால் உபுண்டுவின் ஆப் சென்டரிலும் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலும் பெயரைத் தேடி ஒரு சொடுக்கில் நிறுவலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரே ஒரு முறையாவது டெர்மினலில் நிறுவிப் பார் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பொத்தானைச் சொடுக்கினால் மென்பொருள் வரும். கட்டளையை அடித்தால் மென்பொருளோடு தைரியமும் வரும்.

'க்யூபிட்டோரன்ட்டா, டிரான்ஸ்மிஷனா, டெலூஜா, கேடோரன்ட்டா, எது சிறந்தது?' என்று ஒரு வாரம் ஆராய்ச்சியில் இறங்காதே. எல்லாமே நல்லவை, எல்லாமே இலவசம். உன் உபுண்டுவில் டிரான்ஸ்மிஷன் ஏற்கெனவே இருந்தாலும் இருக்கும். அது போதும் என்றால் அதையே திற. பிடிக்கவில்லையா, இன்ஸ்டால் இருந்த இடத்தில் ரிமூவ் என்று அடி, எடுத்துவிடும். திரும்ப முடியாத முடிவு இதில் எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே ஆயுளைக் கரைக்கிறவர்களும் முழுமைக்குக் காத்திருக்கிறவர்கள்தான்!

சிவப்பு எழுத்தைக் கண்டு பின்வாங்காதே

சரி, தப்பு வந்தால்? வரட்டும்! ஒரு நாள் கட்டாயம் வரும். வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்: படி. சன்னலை மூடுவதற்கு முன், யாருக்காவது போன் போடுவதற்கு முன், திரையில் இருப்பதை முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை நிதானமாகப் படி. பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையைப் பார்த்து நடுங்கிப் பழகிய கண் நமக்கு. கணினி உனக்கு மதிப்பெண் போடவில்லை. எங்கே தடைப்பட்டது என்ற தகவலைத் தருகிறது.

பொதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறதா? மூன்று இடத்தைப் பார். ஸ்பெல்லிங் சரியா? முதல் வரியான அப்டேட்டைச் செய்தாயா? உபுண்டு என்றால் யுனிவர்ஸ் என்ற மென்பொருள் களஞ்சியம் திறந்திருக்கிறதா? க்யூபிட்டோரன்ட் இருப்பது அந்தக் களஞ்சியத்தில்தான். மூன்றில் ஒன்றைச் சரி செய்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

பூட்டுக் கிடைக்கவில்லை என்கிறதா? இந்தச் செய்தி ஆளையே மிரட்டும். நீளமான பாதை, ஒரு எண், அடைப்புக்குள் ஒரு பெயர் என்று வந்து நிற்கும். அந்தப் பெயரைப் படி. பெரும்பாலும் அன்அட்டென்டட் அப்கிரேட் என்பதன் சுருக்கம் தெரியும். கணினி தன்பாட்டுக்குப் பின்னணியில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் போட்டுக்கொண்டிருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் பொதிகளைக் கையாண்டால் குழப்பம் வரும் என்பதால் உன்னைக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து அதே கட்டளையை மறுபடி அடி, ஓடும். யாரோ சொன்னார்கள் என்று அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடாதே. படித்தவன் காத்திருப்பான், படிக்காதவன் உடைப்பான். இந்த ஒரு பழக்கம் உனக்கு வந்துவிட்டால் டோரன்ட் மட்டும் இல்லை, வாழ்க்கையில் எந்த மூடிய கதவின் முன்னாலும் நீ பதற மாட்டாய்.

புரியாத சொல் வந்தால் மேன் என்று அடித்து, இடைவெளி விட்டு ஆப்ட் என்று அடி. அந்தக் கட்டளையின் முழுக் கையேடும் உன் கணினிக்குள்ளேயே இருக்கிறது. இணையமே இல்லாவிட்டாலும் திறக்கும். வெளியே வர க்யூ எழுத்தைத் தட்டினால் போதும். ஆசிரியர் உன் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். கேட்பதற்கு என்ன தயக்கம்?

ஒரே ஒரு துண்டு போதும்

இப்போது க்யூபிட்டோரன்ட்டைத் திற. முதல் முறை திறக்கும்போதே ஓர் அறிவிப்பு வரும். நீ இறக்கும் தரவு மற்றவர்களுக்கும் உன்னிடமிருந்து போகும், நீ பகிர்வதற்கு நீயே பொறுப்பு என்ற பொருளில் இருக்கும். அதை ஒரு முறை படித்துவிட்டு ஒப்புக்கொள்.

இறக்குவதற்கு என்ன இருக்கிறது? தாராளமாக இருக்கிறது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் நிறுவல் கோப்புகள் அவர்களுடைய அதிகாரபூர்வத் தளங்களிலேயே டோரன்ட்டாகக் கிடைக்கின்றன. லிப்ரே ஆஃபிஸ் கிடைக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய நூல்களும் ஒலிப்பதிவுகளும் டோரன்ட்டாகக் கிடைக்கின்றன. உபுண்டு 24.04 நிறுவல் கோப்பு ஏறத்தாழ 6 ஜிபி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா பேக்கில் வாழ்கிறவனுக்கு அது மலை மாதிரி தெரியும். டோரன்ட்டில் அந்தப் பயம் வேண்டாம். இன்று கொஞ்சம் இறக்கு, டேட்டா தீர்ந்தால் நிறுத்து. நாளைக்கு விட்ட இடத்தில் இருந்து தொடரும். மின்சாரம் போனாலும் இறங்கிய துண்டுகள் போய்விடாது. இறக்கும் வேகத்துக்கும் கொடுக்கும் வேகத்துக்கும் எல்லை வைக்க அமைப்புகளில் இடம் இருக்கிறது. சின்ன பேக் வைத்திருப்பவன் சின்ன எல்லை வைத்துக்கொள்ளலாம்.

தளத்தில் இருந்து எடுத்த டோரன்ட் கோப்பைக் க்யூபிட்டோரன்ட்டில் சேர்த்ததும் கீழே இருக்கும் பீர்ஸ் என்ற பட்டியலைத் திறந்து பார். உன்னோடு இந்த நொடியில் இணைந்திருக்கும் கணினிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நாட்டுக் கொடி, ஒரு சதவீதம். ஒருவரிடம் 100, இன்னொருவரிடம் 71, வேறொருவரிடம் வெறும் 3. அந்த 3 சதவீதக்காரரையே உற்றுப் பார். அவர் வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கிறாரா? இல்லை! அவரிடம் இருக்கும் அந்தக் கொஞ்சத்தில் இருந்து இன்னொருவருக்குக் கொடுத்துக்கொண்டும் இருப்பார்.

டோரன்ட்டின் உயிர்நாடி இதுதான், தங்கையே. கோப்பு பல நூறு, பல ஆயிரம் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போல ஒரு குறியீடு டோரன்ட் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு துண்டு முழுசாக வந்து, அந்தக் கைரேகை பொருந்திவிட்டால், அந்த நொடியே உன் கணினி அதை அடுத்தவருக்குக் கொடுக்கத் தகுதி பெறுகிறது. மீதி எத்தனை ஆயிரம் துண்டு வரவில்லை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வந்த துண்டில் பிழை இருந்தால் அதை மட்டும் தள்ளிவிட்டு மறுபடி வாங்கிக்கொள்ளும். கெட்டது ஒரு துண்டு என்பதற்காக மொத்தக் கோப்பையும் தூக்கி எறிவதில்லை.

இன்னும் கேள். கூட்டத்தில் ஒருவரிடம்கூட முழுக் கோப்பு இல்லாமல் போகலாம். ஒருவரிடம் பாதி, இன்னொருவரிடம் கால்வாசி, வேறு சிலரிடம் ஆங்காங்கே சில துண்டுகள். எல்லோருடையதையும் சேர்த்தால் ஒவ்வொரு துண்டும் எங்காவது ஓரிடத்தில் இருக்கிறது என்றால் போதும், அந்த அரைகுறைகளிடம் இருந்தே அத்தனை பேருக்கும் முழுக் கோப்பு கிடைத்துவிடும்!

'சரி, கையில் ஒன்றுமே இல்லாமல் புதிதாக வருகிறவன் என்ன செய்வான்? கொடுக்கிறவனுக்குத்தானே கொடுப்பார்கள்?' நல்ல கேள்வி. பிராம் கோஹன் அதற்கும் வழி வைத்தார். பொதுவாக ஒவ்வொரு கணினியும் தனக்கு அதிகம் கொடுப்பவர்களுக்கே திரும்பக் கொடுக்கும். ஆனால் அதில் ஓர் இடத்தை மட்டும் அந்தக் கணக்குப் பார்க்காமல் ஒதுக்கி வைத்து, 30 நொடிக்கு ஒரு முறை யாராவது ஒருவருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கச் செய்தார். வெறுங்கையோடு வந்து நிற்பவனுக்கு முதல் துண்டு அப்படித்தான் கிடைக்கிறது. அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வந்து இணைய வேண்டும். வெளியே நின்று 'நான் தயாரான பிறகு வருகிறேன்' என்று சொல்கிறவனுக்கு ஒதுக்க அங்கே இடம் எதுவும் கிடையாது.

நீ எத்தனை இடங்களில் வெளியே நின்றுகொண்டிருக்கிறாய்? யோசித்துப் பார். ஆங்கிலம் சரளமானதும் நேர்காணலுக்குப் போகலாம். பாடம் முழுக்க முடிந்ததும் மாதிரித் தேர்வு எழுதலாம். நிரல் எழுத நன்றாக வந்ததும் நாலு பேருக்குக் காட்டலாம். உள்ளே போனால்தானப்பா முதல் துண்டு கிடைக்கும்!

தலைநிமிர்ந்து பயன்படுத்து

டோரன்ட் என்று சொன்னதும் நம் ஊரில் ஒரு கண் சிமிட்டல் இருக்கிறது. புதுப் படம், அனுமதி இல்லாமல். இதை வெளிப்படையாகவே பேசுவோம். டோரன்ட் என்ற தொழில்நுட்பத்தில் குற்றம் எதுவும் இல்லை. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அவருடைய படைப்பைப் பரப்புவது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். டோரன்ட்டில் நீ இறக்கும்போதே கொடுக்கவும் செய்கிறாய் என்பதை மேலே பார்த்தோம். 'நான் பார்க்கத்தான் எடுத்தேன்' என்ற சமாதானம் அங்கே நிற்காது. லைட் தூக்கியவரில் இருந்து எடிட்டிங் மேசையில் கண் விழித்தவர் வரை ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது! அதைத் திருடி வாங்கும் மகிழ்ச்சி உன் தகுதிக்குக் குறைவு. இத்தனை வலிமையான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கூனிக் குறுகி ஒளிந்துகொள்ளாதே. சட்டப்படி பகிரக் கொடுத்திருக்கும் செல்வமே ஓர் ஆயுளுக்குப் போதும். தன்னம்பிக்கை என்பது யார் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாலும் திரையை மூட வேண்டாத வாழ்க்கை.

அதே நேர்மையோடு இன்னொரு பழக்கத்தையும் பிடித்துக்கொள். கோப்பு இறங்கியதும் கைரேகை போன்ற அதன் ஷா-256 குறியீட்டை அதிகாரபூர்வத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார். அதற்கும் ஒரே ஒரு கட்டளைதான், ஷா256சம். நம்பு, ஆனால் உன் கண்ணால் சரிபார்த்துவிட்டு நம்பு.

வாங்கியவன் கொடுக்கும் இடத்துக்கு வா

நூறு சதவீதம் ஆனதும் பலரும் உடனே மென்பொருளை மூடிவிடுகிறார்கள். மூடாதே! நீ கொடுத்ததும் வாங்கியதும் சமமா என்பதை ரேஷியோ என்ற ஓர் எண் காட்டும். அது 1 ஆகும்வரையாவது ஓட விடு. எங்கோ ஓர் ஊரில், பழைய கணினி ஒன்றுக்கு உயிர் கொடுக்க லினக்ஸ் இறக்கிக்கொண்டிருக்கும் ஒரு மாணவிக்கு உன்னிடமிருந்து துண்டுகள் போய்க்கொண்டிருக்கும். அவள் பெயர் உனக்குத் தெரியாது, உன் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் நீ அந்த நேரத்தில் கொடுக்கிறவன்.

லினக்ஸ் உலகமே அப்படிக் கொடுத்தவர்களால் கட்டப்பட்டது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனில் இன்றைக்கு 60,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன. அதைப் பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள். டெபியனை நிறுவும்போது வரும் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது தெரியுமா? யாரோ சிலர் உட்கார்ந்து வரிவரியாக மொழிபெயர்த்ததால் இருக்கிறது. 2012இல் இருந்து கணியம் என்ற இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆப்ட் ஏற்பாடு அதற்குள்ளும் இருந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் வந்த வாசல் அது. தெரியாது என்ற ஒரே சொல்லால் எத்தனை பேர் அதைத் திறக்காமலே விட்டார்கள்! அந்தத் தயக்கத்தை அடுத்த தலைமுறைக்கும் சொத்தாக எழுதி வைக்கப் போகிறோமா?

கூடாது! இன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அந்த இரண்டு வரியையும் உன் கையால் அடி. தப்பு வந்தால் படி. படித்ததை வைத்துத் திருத்து. திருத்தியதை மறுபடி அடி. மென்பொருள் திறந்ததும் ஒரு லினக்ஸ் நிறுவல் கோப்பை இறக்கப் போடு.

நாளைக்குக் காலையில் உன் வகுப்பிலோ அலுவலகத்திலோ ஒருவர் வந்து, "எனக்கு இதெல்லாம் அவ்வளவாத் தெரியாதுங்க, நீங்க போட்டுக் கொடுங்களேன்" என்பார். உனக்கும் எல்லாம் தெரிந்திருக்காது. உன்னிடம் இருப்பது இரண்டு கட்டளை, படித்துத் தீர்த்த ஒரு பிழைச் செய்தி, அவ்வளவே. அது போதும், கொடு! ஆனால் கட்டளையை நீ அடித்துக் கொடுத்துவிடாதே. நாற்காலியில் அவரை உட்கார வை. விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளு. பக்கத்தில் நின்று, "அடிங்க, ஒன்னும் ஆகாது" என்று சொல்!